பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும் வரை

18 பிப்ரவரி 2025, செவ்வாய்

பிசியோ இன்றோடு முடிந்தது. முடிந்தது என்றால் கை சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, இனி வரவேண்டாம் என்று அர்த்தம். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. மற்ற மூன்றும் பாதி மடங்கி, அதற்குமேல் வரமாட்டேன் என்று நிற்கின்றன. "இதுக்கு மேல வராது அக்கா. சும்மா ஆசை காட்ட மாட்டேன்" என்றாள் பிசியோ பெண். நல்ல பெண். பதினைந்து மாதமாக மற்ற எல்லாரும் ஆசைதான் காட்டினார்கள்.

காப்பார் ரோட்டில் மோட்டார் பைக்கிலிருந்து விழுந்தோம். ஓட்டியவர் கமலநாதன், என் வீட்டுக்காரர். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு இந்தக் கை. அன்றிலிருந்து அவர் அந்த மோட்டாரைத் தொடவில்லை. விற்கவும் இல்லை. வாசலில் துணி போர்த்தி நிற்கிறது.

கீபோர்ட் இனி இல்லை. எழுதிவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், பிறகு நானே இல்லையென்று சாதிக்காமல் இருக்க: நாகையா மாஸ்டரின் இசைக்குழு மேடையில் மறுபடி நிற்பேன். பன்னிரண்டு வருஷம் கீபோர்ட்டில் நின்ற மேடை அது. பாட வராது. ஆடினால் ஹால் காலியாகிவிடும். ஆனால் கட்டைவிரல் இரண்டு இருக்கின்றன.

19 பிப்ரவரி, புதன்

நேற்றுக் கட்டைவிரல் என்று எழுதியது ஏதோ வீறாப்பில் இல்லை. கட்டைவிரலுக்குப் பயிற்சியாக ஏதாவது விளையாடச் சொன்னார்கள் என்று, சின்ன வயதில் வாங்கிய சாம்பல் நிற கேம் பாயை, அந்தக் கையடக்க விளையாட்டுப் பெட்டியை, போன வருஷம் தேடி எடுத்தேன். அதில் போடுகிற இசை கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் விளையாட்டெல்லாம் மறந்துபோயிற்று. திரையில் வரிசை வரிசையாக எண்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சுரம் வைத்தால், மேலிருந்து கீழாக அதுவே வாசித்துக்கொண்டு போகும். நாலு குரல். பட்டன்கள் அவ்வளவும் கட்டைவிரலுக்கு எட்டும்.

எட்டு மாதமாக ரயிலில் இதுதான் வேலை. கிள்ளானில் ஏறி கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடை வரை. பக்கத்து சீட் அங்கிள் ஒருவர் "என்னம்மா, இந்த வயசுல கேமா?" என்றார். "ஆமா அங்கிள், லெவல் முடிக்கணும்" என்றேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ரிகர்சலுக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே அதே மாடி, அதே ரப்பர் நாற்றம்.

குழுவின் பெரிய நீலப் பெட்டி திறந்திருந்தது. அதில் ஒவ்வொருவருடைய எக்ஸ்டென்ஷன் ஒயருக்கும் மாஸ்டர் தாள் டேப் ஒட்டி, மார்க்கரில் பேர் எழுதி வைப்பார். மேடைக்குப் போனால் 'என் பிளக் எங்கே' என்று யாரும் கேட்கக்கூடாது. பேர் இருக்கிற ஆள் குழுவில் இருக்கிற ஆள், அவ்வளவுதான் கணக்கு. என் ஒயரில் 'குரு' என்று இருந்தது. எனக்குப் பதிலாக வந்தவர். லிஃப்ட் ரிப்பேர் வேலை, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், இருந்தும் என்னை அக்கா என்கிறார். மனிதர் ஒன்றும் தப்பு செய்யவில்லை. இருந்தாலும் பார்த்ததும் வயிறு எரிந்தது.

கேம் பாயை மிக்சரில் மாட்டி, மாஸ்டர் போட்ட நுழைவு மெட்டையே வாசிக்க வைத்தேன். கல்யாண டின்னரில் பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வரும்போது நாங்கள் வாசிக்கும் மெட்டு. குருவின் கீபோர்ட்டில் வேகம் 112. என் பெட்டியிலும் 112. முதல் அரை நிமிஷம் நன்றாக இருந்தது. எங்கள் பாடகி புஷ்பவல்லி கண்ணை விரித்துக்கொண்டு, "ஐயோ அழகா இருக்குலா பஞ்சா!" என்றாள். ஒரு நிமிஷத்தில் லேசாக நழுவியது. இரண்டாவது நிமிஷத்தில் கீபோர்ட் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம்.

மாஸ்டர் ரிதம் பேடிலிருந்து குச்சியை எடுத்துவிட்டார். "ஏன் பஞ்சா, ஒன்னோட கோழிக்குஞ்சு எங்கள விட்டுட்டு ஓடுதா, இல்ல பின்னாடி நிக்குதா?"

"சரி பண்ணிடுறேன் மாஸ்டர்."

"தாளம் ஒண்ணா நிக்கட்டும். அது நின்னா நீ நில்லு."

சரி. நிபந்தனை தெரிந்துவிட்டது.

26 பிப்ரவரி, புதன்

112 என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒரே 112 இல்லை. அதனதன் கடிகாரம் அதனதன் இஷ்டத்துக்கு. இனி நான் கையால் சரிசெய்து பயனில்லை, பெட்டி தன் கடிகாரத்தை விட்டுவிட்டுக் கீபோர்ட்டின் கடிகாரத்தைக் கேட்கவேண்டும். கீபோர்ட்டின் பின்னால், வேறு கருவியோடு இணைக்கிற மிடி ஓட்டை இருக்கிறது. ஒரு தாள அடிக்கு இருபத்துநாலு துடிப்பு அதில் வரும். கேம் பாயின் பக்கவாட்டில் இரண்டு பேர் சேர்ந்து விளையாட ஒயர் மாட்டுகிற ஓட்டை இருக்கிறது. இதை அதோடு பேச வைக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதைச் செய்கிற சர்க்யூட் படம் நெட்டில் கிடைத்தது. ஆனால் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சோல்டரிங் எனக்கு எப்படி வரும், இந்தக் கையில்?

5 மார்ச், புதன்

கடைக்கு ஒரு பெண் ஃபிரேம் மாற்ற வந்தாள். பேர் ரிஸ்வானா, ஊர் நாகப்பட்டினம். பங்சாரில் ஒரு கம்பெனியில் வேலை, வேலை பெர்மிட்டில் வந்து இரண்டு வருஷம், இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் ரூம். கண்ணாடியைப் போட்டுப் பார்க்காமல் கல்லாப் பக்கம் ஒயரோடு கிடந்த கேம் பாயையே பார்த்தாள்.

"அக்கா, சைடுல இருக்குற லிங்க் போர்ட்ல என்ன மாட்டப் போறீங்க?"

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன். வாஷிங் மெஷினுக்குள்ளே இருக்கிற சின்ன போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுகிறாளாம். சாமியே ஃபிரேம் மாற்ற வந்ததுபோல் இருந்தது எனக்கு.

15 மார்ச், சனி

ரிஸ்வானா ரூமில் ஆறு மணி நேரம். நோன்போடு உட்கார்ந்து சின்ன போர்டு ஒன்றில் ஒவ்வொரு கம்பிக் காலாக ஒட்டினாள். நான் நல்ல விரல்களால் ஒயரைப் பிடித்துக்கொண்டேன். லிங்க் கேபிளின் உள்ளே இருக்கிற நிறங்களை நம்பக்கூடாதாம். ஒரு முனையில் சிவப்பாகப் போவது மறுமுனையில் வேறொரு காலில் முடிகிறது. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஏழரைக்குப் பாங்கு கேட்டதும் சோல்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை எடுத்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

போர்டைப் போட்டு வைக்க டப்பா இல்லை. கடையிலிருந்து நான் கொண்டுபோன கண்ணாடிக் கூடு அளவாகப் பொருந்தியது. மின்சாரம் பவர் பேங்கிலிருந்து. பார்த்தால் யாரோ படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது.

"டெஸ்ட் பண்ணாம சந்தோஷப்படாதீங்கக்கா" என்றாள். நான் பட்டுவிட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

பழைய குருடி கதவைத் திறடி. மாட்டினால் ஒரு சத்தமும் இல்லை. திரையில் 'காத்திரு' என்று வந்து அப்படியே நிற்கிறது. கீபோர்ட் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது, பெட்டிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் எல்லாரையும் காக்க வைத்தேன். மாஸ்டர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார், மறுபடியும் போனார்.

ரிஸ்வானாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஒன்னோட சோல்டர்தான்! ஒழுங்கா பாத்தியா இல்லையா?" "மறுபடி பாக்குறேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஆள், குரு, கீபோர்ட்டின் மெனுவைத் தட்டிக்கொண்டே போனார். பதினொன்றாவது பக்கமோ என்னமோ. "அக்கா, இதுல க்ளாக் வெளிய அனுப்புறது ஆஃப்ல இருக்கு." ஆன் செய்தார். ஸ்டார்ட் அழுத்தினார்.

என் பெட்டி ஓடியது. ஒன்றாக. ஒரு நிமிஷம், இரண்டு, நாலு. மயிரிழை நழுவவில்லை. மாஸ்டர் படியில் டீயோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கீபோர்ட்டை மூன்று வருஷம் நான்தான் வாசித்தேன். பதினொன்றாவது பக்கம் வரை நான் போனதே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

17 மார்ச், திங்கள்

வேலை முடிந்து பாசார் ரமடான் நோன்புச் சந்தையில் குயே பலகாரம் வாங்கிக்கொண்டு ரிஸ்வானா ரூமுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "ஆஃபீஸ்ல தினம் இப்படித்தான்க்கா திட்டுவாங்க, ஆனா யாரும் குயே வாங்கிட்டு வந்ததில்ல" என்றாள்.

6 ஏப்ரல், ஞாயிறு

நிற்கிறது. தாளம் ஒன்றாக நிற்கிறது. மூன்று ரிகர்சலாக.

20 ஏப்ரல், ஞாயிறு

மாஸ்டர் இடம் கொடுத்தார்! மே 3, கிள்ளானில் ஒரு டின்னர். நுழைவு மெட்டு மட்டும். "வேற எதையும் தொடாத. இது நல்லா போச்சுன்னா பாப்போம். போகலன்னா..." என்று நிறுத்திவிட்டார். போகலன்னா என்ன என்று எனக்குத் தெரியும். அவருக்கு நூறு டின்னரில் எடுத்த பேர் இருக்கிறது, கோழிக்குஞ்சுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

மேடை பிளான் போட எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்டார், எத்தனை பிளக் என்று. என்னிடம் வந்ததும், "ஒனக்கு?"

"ஒண்ணும் வேணாம் மாஸ்டர். நாலு பேட்டரி."

எழுத ஒன்றும் இல்லாததால் என் பேரையும் எழுதவில்லை.

1 மே, வியாழன்

லீவு. ஹாலுக்குப் போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வாசலிலிருந்து மேடைவரை நடந்து பார்த்தேன், கல்யாணப் பெண் நடப்பதுபோல் மெதுவாக. மூன்று முறை. ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. மெட்டை முதலிலிருந்து கடைசிவரை சரியாக அந்த அளவுக்கு அடுக்கிவிட்டேன். கடைசி அடி மேடை ஏறும்போது 'வந்தாச்சு' என்று ஒரு ஜிலுஜிலு முடிப்பு. இதைவிடத் துல்லியமாக யார் செய்வார்கள் என்று பார்க்கிறேன்.

4 மே, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

வாசல் திறந்தது, புகை விட்டார்கள், குரு ஸ்டார்ட் அழுத்தினார், என் பெட்டி சேர்ந்துகொண்டது. இருபது மேஜைக்காரர்களும் எழுந்து போனைத் தூக்கினார்கள். எல்லாம் சரி. மூன்றாவது மேஜையில் ஈப்போவிலிருந்து வந்த பெரியம்மா எழுந்து வந்து பொண்ணைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். போட்டோகிராபர் கையைக் காட்டி நிற்கச் சொன்னான். மாப்பிள்ளையின் நண்பர்கள் செல்ஃபிக்கு வந்தார்கள். குரு நடுப்பகுதியையே திரும்பத் திரும்ப வாசித்தார், அப்படித்தான் வாசிக்கவேண்டும், எந்தக் கல்யாணத்திலும் அப்படித்தான். என் பெட்டி? அது பாட்டுக்கு வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே போச்சு! தாளம் பிசகல, துடிப்புக்குத் துடிப்பு சரி. ஆனா பொண்ணு மூணாவது மேஜையில நிக்குறா, இது 'வந்தாச்சு'ன்னு முடிச்சு வச்சுடுச்சு. பாதி ஹால் கை தட்டுது. மைக்ல நிகழ்ச்சி நடத்துற எம்சி குழம்பிப்போய் எல்லாரையும் உட்காரச் சொல்றாரு. அந்தப் பொண்ணு திரும்பி மேடைய பாத்தா பாரு ஒரு பார்வை, ஐயோ.

மாஸ்டர் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்தார். ஒலியைக் குறைத்துவிட்டேன். மிச்சத்தைக் குரு தனியாக வாசித்து அவர்களை மேடை ஏற்றினார்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது மாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தாளம் நின்னுச்சு பஞ்சா. யாருக்காக வாசிக்கிறோம்னு அதுக்குத் தெரியல. வேணாம், விட்டுரு."

5 மே, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. கமலநாதனும் லோரி ஓட்டப் போகவில்லை, நான் போகாததால்.

"போதும் பஞ்சா. விட்டுரு" என்றார் இவரும்.

"ஏன் விடணும்? நீங்க பாக்க கஷ்டமா இருக்குன்னா?"

"ஆமா. கஷ்டமாத்தான் இருக்கு. நான்தான விழ வச்சேன்."

பதினெட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சொன்னார். மழை பெய்தது, ரோட்டில் எண்ணெய் கிடந்தது, நீங்க என்ன செய்வீங்க, உங்களை நான் ஒருநாளும் குத்தம் சொன்னதில்லையே என்றேன். சொன்னதில்லை, உண்மைதான். நினைத்ததில்லையா? நினைத்திருக்கிறேன். இந்த நோட்டிலாவது ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டபிறகு இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

"நீங்க பாவம்னு பாக்குறதுக்காக நான் நிறுத்த மாட்டேன்" என்றேன். அவர் போய் எனக்கு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கி வந்தார்.

9 மே, வெள்ளி

ரயிலில் ஷா ஆலம் தாண்டும்போது புரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஜோடியாவது நேராக நடந்து வந்ததுண்டா? கிடையாது. பெரியம்மா அழுவார், மாமா கை குலுக்குவார், சேலை தடுக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். என் கைக்குத் தெரியும். கண் பொண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை தானாக அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாளும் யோசித்துச் செய்ததில்லை. அதனால்தான் பெட்டிக்குச் சொல்ல மறந்துபோனேன்.

ஹாலை நடந்து அளந்தாளாம், பெரிய இன்ஜினியர்.

10 மே, சனி

இந்த கார்ட்ரிட்ஜில் இன்னொரு முறை இருக்கிறது. மெட்டை முழுதாக ஓடவிடாமல் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த துண்டை நான் கட்டைவிரலால் அழுத்தினால், ஓடுகிற துண்டு முடியும்போது அதற்குத் தாவும். வேகம் கீபோர்ட்டுடையது. எப்போது நகர்வது என்பது என்னுடையது.

இது எனக்கு மாதக்கணக்காகத் தெரியும். மேடையில் தப்பாகிவிடும் என்ற பயத்தில் ஒரே நேர்க்கோடாக அடுக்கிவிட்டேன். எல்லாவற்றையும் உடைத்து மறுபடி எழுதவேண்டும். எழுதுகிறேன்.

17 மே, சனி

ஏழு துண்டு. வாசல், நடை, நடை இரண்டு, நிற்பது, மறுபடி நடை, படி, வந்தாச்சு.

நம் குழுவின் பழைய வீடியோக்களை ஃபேஸ்புக்கில் தேடி எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, பொண்ணின் காலை மட்டும் பார்த்து வாசிக்கிறேன். இதுவரை இருபத்துமூன்று கல்யாணம். நிற்காமல் நடந்த ஜோடி ஒன்றே ஒன்று. அவர்களுக்கு அன்றிரவே ஃபிளைட்டாம், புஷ்பவல்லி சொன்னாள்.

18 மே, ஞாயிறு

கூப்பிடாத ரிகர்சலுக்குப் போய் நின்றேன். மாஸ்டர் ஏறிட்டே பார்க்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து ஹெட்போனில் வாசித்துவிட்டு வந்தேன்.

25 மே, ஞாயிறு

இன்றும் கூப்பிடவில்லை. இன்றும் போனேன்.

பிரேக்கில் கண்ணாடிக் கூட்டைக் குருவின் கீபோர்ட்டில் மாட்டினேன். குரு, நான் கேட்காமலே, பதினொன்றாவது பக்கத்துக்குப் போய் ஆன் செய்து வைத்திருந்தார். "அண்ணே, நீங்க எங்க வேணும்னாலும் சுத்துங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும்" என்றேன்.

"நான் சுத்துறது பிரச்சினை இல்லக்கா. நடக்குறது யாரு?"

மாஸ்டர் டீ கிளாசைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். அறுபத்துமூன்று வயது, அந்த மீசை, அந்தத் தொப்பை. புஷ்பவல்லியின் கையைப் பிடித்து, "நீதான் மாப்பிள. வா" என்று கதவுப் பக்கம் போனார்.

நடந்தார் பாருங்கள்! இரண்டடி வைத்துவிட்டு நின்றார். ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்து அழுதார். மறுபடி மூன்றடி. ஃபேனோடு செல்ஃபி எடுத்தார். சேலை தடுக்கி விழுவதுபோல் ஒரு ஆட்டம். புஷ்பவல்லி சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள், மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு பொண்ணு நடந்தது. நான் சிரிக்கவில்லை. அவர் காலை மட்டும் பார்த்தேன். நின்றால் நின்றேன், நகர்ந்தால் நகர்ந்தேன். கட்டைவிரல் வியர்த்து பட்டனில் வழுக்கியது. கடைசியில் மேடை என்று வைத்துக்கொண்ட மரப்பலகையில் ஒரு காலை வைத்தார், வேண்டுமென்றே எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வைத்தார். அப்போதுதான் 'வந்தாச்சு' விழுந்தது.

துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். "ஜூன் பதினாலு. காப்பார்" என்றார்.

குருவுக்கு நன்றி சொன்னேன். "லிஃப்ட்டும் இப்படித்தான்க்கா. ஆள் உள்ள ஏறுற வரைக்கும் கதவு மூடக்கூடாது" என்றார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு இது.

1 ஜூன், ஞாயிறு

காப்பார். வேறு ஊரே கிடைக்கவில்லையா?

12 ஜூன், வியாழன்

ரிஸ்வானா ஒயரையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தாள். கூட்டின் மேல் ஒரு ரப்பர் பேண்டும் போட்டாள், விழுந்தால் திறக்காமல் இருக்க. டின்னருக்கு வா என்றேன். "யாரோட கல்யாணம்க்கா?" என்றாள். யாரென்று எனக்கும் தெரியாது என்றதும் சிரித்தாள்.

15 ஜூன், ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

கமலநாதன்தான் காரில் கொண்டுபோய் விட்டார். அந்த வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். "இங்கதான்" என்றார். "தெரியும். ரோட்ட பாத்து ஓட்டுங்க" என்றேன். வளைவைத் தாண்டியதும் அவரே ரேடியோவைப் போட்டார்.

ஹால் பெரிது. வாசலிலிருந்து மேடை வெகுதூரம். அளக்கவில்லை.

எட்டரைக்கு வரவேண்டிய ஜோடி ஒன்பதே காலுக்கு வந்தது. கதவு திறந்தது, 'வாசல்' துண்டில் ஆரம்பித்தேன், நடை, நடை இரண்டு. ஐந்தாவது மேஜையில் நின்றார்கள், நானும் நின்றேன். நகர்ந்தார்கள், நகர்ந்தேன். எட்டாவது மேஜையில் பொண்ணு சட்டென்று திரும்பி வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்! அவளுடைய அப்பாவைக் காணோம். கூட வரவேண்டியவர், டாய்லெட்டுக்குப் போயிருந்தாராம். அவர் இல்லாமல் மேடை ஏறமாட்டேன் என்று வாசல்வரை போய்விட்டாள். மாஸ்டர் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டார், மொதல்லேருந்து என்று. நான் அதற்கு முன்னாலேயே 'வாசல்' துண்டை அழுத்தியிருந்தேன். குருவும் அதே அடியில் திரும்பினார். அப்பா கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். ஹாலே சிரித்தது, பொண்ணும் சிரித்தாள். மறுபடி நடை.

அப்போதுதான் பார்த்தேன். கேம் பாயின் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டிருந்தது.

ரிகர்சலுக்குப் போட்ட பேட்டரி! மாற்றவே இல்லை. துண்டு துண்டாக உடைத்தேன், வீடியோ பார்த்தேன், ஒயரைச் சரிபார்க்கச் சொன்னேன், நாலு பேட்டரி மாத்த மறந்துட்டேனேடி பாவி. இப்போது மாற்றினால் பெட்டி அணையும், மறுபடி எழுந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும். செய்ய ஒன்றுமில்லை. விளக்கைப் பார்ப்பதா காலைப் பார்ப்பதா? காலைப் பார்த்தேன். நிற்பது. நடை. மாமா ஒருவர் மாலை போட்டார், நிற்பது. சீக்கிரம் நடங்கம்மா தாயே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன், ஆனால் துண்டை அவசரப்படுத்தவில்லை. படி. பொண்ணின் செருப்பு முதல் படியில், இரண்டாவதில், மேலே. 'வந்தாச்சு.'

முழுதாக வாசித்தது. கை தட்டினார்கள். ஜோடி நாற்காலியில் உட்காருவதற்குள் என் திரை வெளிறி அணைந்தது.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இருநூறு பேர் பொண்ணைத்தான் பார்த்தார்கள், கேம் பாயை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதுதான் வேண்டும்.

மாஸ்டர் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "கடைசில அணைஞ்சுச்சே, என்னாச்சு?" என்றார். அவர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

"பேட்டரி மாஸ்டர். பழசு. என் தப்புதான்."

"ம்" என்றார். தட்டில் இருந்த ஆட்டுக்கறியில் ஒரு துண்டை என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்லது என்று அர்த்தமா, கடைசி என்று அர்த்தமா? கமலநாதனிடம் கேட்டால், கறி வச்சா நல்லதுதான் என்கிறார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சாப்பாடுதான் பதில்.

17 ஜூன், செவ்வாய்

மாஸ்டரிடமிருந்து போன் இல்லை.

22 ஜூன், ஞாயிறு

ரிகர்சல் கிடையாது, மாஸ்டர் பேரன் காது குத்து. குழு வாட்ஸப்பில் அடுத்த டின்னர் தேதி மட்டும் போட்டார்: ஜூலை 5, பந்திங். யார் யார் என்று போடவில்லை. 'நான் வரவா மாஸ்டர்' என்று எழுதி அழித்தேன். கேட்கமாட்டேன். ரிகர்சலுக்குப் போவேன்.

29 ஜூன், ஞாயிறு

சீக்கிரமே போய்விட்டேன். மாடியில் குரு மட்டும் கீபோர்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, என் ஒயர எடுத்துக் குடுங்க" என்றார். நீலப் பெட்டியைத் திறந்தேன்.

மேலேயே அவருடைய ஒயர், 'குரு' டேப்போடு. அதன் பக்கத்தில் புதிய பேட்டரி நாலு, பிரிக்காத பாக்கெட். சுற்றித் தாள் டேப். அதில் மாஸ்டரின் கோணல் எழுத்தில் மார்க்கரால்: பஞ்சா.

குருவின் ஒயரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினேன். பாக்கெட்டைத் தொடவில்லை. ரிகர்சலுக்கு என்னிடம் இருக்கிற பழைய பேட்டரி போதும். புதியது சனிக்கிழமை பந்திங்கில் பிரிக்க.